சாம்பல் பலகை

ஆமா, நான்தான் எழுதினேன். அதுல ஒளிவு மறைவு என்ன இருக்கு? மூணு நாளும் அந்த நோட்டுல எழுதினது நான் ஒருத்தன்தான். கையெழுத்தப் பாத்தாலே தெரியுமே. டப்பா மூடி மேல நம்பர் எழுதி எழுதி என் எழுத்தே தடிச்சுப் போச்சு. வாசல் மேசையில இருக்குற பொண்ணு சொல்லிடுச்சா, அந்த ஆளு இன்னிக்கும் வந்திருக்காருன்னு? நல்ல பொண்ணு. மொத நாள் என்னப் பாத்து சிரிச்சுது. ரெண்டாம் நாள் பேனாவ எடுத்து ஒளிச்சு வெச்சுது. நான்தான் சட்டைப் பையில சொந்தப் பேனா வெச்சிருக்கேனே.

உக்காருங்க சார். உங்க போட்டோ கண்காட்சி, உங்க பெஞ்சு, நான் வேற உக்காரச் சொல்றேன் பாருங்க. சார்னு சொன்னா நெளியிறீங்க. சரி, தம்பின்னே கூப்பிடுறேன். என் வயசுக்கு அது செல்லும்.

கோவமா? கோவம்னா எழுதிட்டு வீட்டப் பாக்கப் போயிருப்பேன். எனக்கு உங்ககிட்ட ஒரு கேள்வி இருக்கு தம்பி. ஒரே ஒரு கேள்வி, அந்த இருபத்தேழாம் நம்பர் படத்தப் பத்தி. மொத நாளே மரியாதையா அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், படம் எடுத்தவரப் பாக்க முடியுமான்னு. அவரு இங்க வரமாட்டாரு, கருத்து இருந்தா நோட்டுல எழுதுங்கன்னுச்சு. நோட்டப் புரட்டினா பக்கத்துக்குப் பக்கம் அருமை, ஆஹா, ஆன்மாவைத் தொட்டதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. இத்தனை ஆன்மாவத் தொட்டும் நீங்க எட்டிப் பாக்கலையே. புகழ்ந்தவனத் தேடிக்கிட்டு யாரு வந்திருக்கா? திட்டினவன் யாருன்னு பாக்கத்தான் மனுஷன் செருப்ப மாட்டுவான். அதான் திட்டினேன். வந்துட்டீங்க இல்ல?

கேள்விய அப்புறம் கேக்குறேன், அவசரமில்ல. மூணு வருஷம் பொறுத்தாச்சு. மொதல்ல திட்டினதுக்கு ஜவாப் சொல்லிடுறேன். ஒண்ணுமே தெரியாம திட்டிட்டான்னு நீங்க நினைச்சுடக் கூடாது.

நீங்க ஏழு வருஷமா ஒரே தெருமுனையில நின்னு படம் எடுத்தீங்க இல்ல, அங்க பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர்ல ஒரு பெயிண்ட் கடை இருக்கும். அதுல கலர் கலக்குற ஆளு நான். முப்பத்தொரு வருஷம். இப்பத்தான் மிஷின் வந்து உக்காந்துக்கிச்சு, நம்பரத் தட்டினா சொட்டுச் சொட்டா விழுது. அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் இந்தக் கண்ணுதான். பேந்து விழுந்த சுவத்துத் துண்டு, சட்டைப் பொத்தான், காஞ்ச இலை, எதக் கொண்டுவந்து நீட்டினாலும் அதே கலர டப்பாவுல கலக்கிக் குடுப்பேன். ஒருத்தரு நாயவே இழுத்துட்டு வந்துட்டாரு, இது வயித்துல இருக்கே அந்தக் கலர் வேணும்னு. குடுத்தேன். அப்புறம் வந்து புலம்பினாரு, நாய் சுவத்துல சாஞ்சு படுத்தா நாயக் காணோமாம்.

அதனால உங்க படத்துல இருக்குற ஒவ்வொரு சுவரும் எனக்குத் தெரியும். பாதி நான் கலக்கினது. அதோ, நாலாம் நம்பர், கறுப்பா பூதம் மாதிரி நிக்குதே ஒரு சுவரு, அதுக்கு முன்னாடி ஒரு பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவருக்கு ‘இருள்’னு பேரு வெச்சிருக்கீங்களே, அந்தச் சுவரு நல்ல தக்காளிச் சேப்பு தம்பி. கண்ணுல அடிக்கும். அந்தத் தெருவுலயே அத விட சந்தோஷமான சுவரு கிடையாது. அது உங்க கேமராவுக்கு இருள். கேமராவ விட்டுடலாம், அது பாவம் கண்ணு தெரியாத ஜென்மம். உங்களுக்கு என்ன வந்துச்சு?

வாசல்ல குடுத்த இந்த மடிச்ச தாள்ல நீங்க சொன்னதா போட்டிருக்கு. ‘நிறம் கவனத்தைச் சிதறடிக்கும். நான் நிறங்களைப் பார்ப்பதில்லை. ஒளியை மட்டுமே பார்க்கிறேன்.’ கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு நாலு தடவ படிச்சேன். எங்க கடைக்கு ஒருத்தரு வந்து நான் நிறங்களைப் பார்ப்பதில்லைன்னு சொன்னாருன்னா, ஒரு டப்பா சுண்ணாம்பக் கையில குடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவோம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நல்லது. இந்த ஹால்ல யாரும் சிரிக்கிறதே இல்லையே. எல்லாரும் ஐ.சி.யு.வுல நடக்குற மாதிரி நடக்குறாங்க. ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் போயி நின்னு தாடையப் பிடிச்சுக்கிட்டு ஒரு பெருமூச்சு. நேத்து ரெண்டு பேரு அந்த ‘பசி’ படத்துக்கு முன்னாடி நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க தம்பி. எனக்கு அடக்க முடியல. ரொட்டிக் கடைக் கண்ணாடியில மூஞ்சிய ஒட்ட வெச்சுக்கிட்டு ஒரு கிழவரு நிக்கிறாரே, அதான். கன்னம் ஒட்டிப் போயி, வாயத் தொறந்துக்கிட்டு. அவரு யாருன்னு நினைக்கிறீங்க? அந்த ரொட்டிக் கடை முதலாளிக்கு மாமனாரு. மருமகன் கடையில மூணு வேளையும் ஓசியிலதான் கைய வெப்பாரு. அந்த மனுஷன் பசியப் பாத்தே பல வருஷம் ஆச்சு. அன்னிக்கு அவருக்குப் புதுப் பல்செட்டு. காலையில மாட்டிவிட்டாங்க. தெருவுல எங்கெங்க கண்ணாடி இருக்கோ அங்கெல்லாம் நின்னு வாயத் தொறந்து பாத்துக்கிட்டே வந்தாரு. என் கடைக் கண்ணாடியிலயும் பாத்தாரு. உள்ள வந்து என்கிட்ட கேட்டாரு, வெள்ள கொஞ்சம் தூக்கலா இருக்கோன்னு. தூக்கல்தான், சந்தன வெள்ளையில கேட்டிருக்கணும்னு சொன்னேன். ரெண்டு நாள் என்னோட பேசல.

அந்தப் பல்லுக்கு இந்த ஹால்ல ரெண்டு பேரு அழுதுட்டுப் போறாங்க.

இல்ல இல்ல, படம் நல்லா இல்லன்னு நான் சொல்லவே இல்ல. நோட்டுலயும் அப்படி எழுதல, போயிப் பாருங்க. தலைப்பு தப்புன்னுதான் எழுதினேன். படத்துக்குப் பேரு வெக்கிறது யாரு, நீங்களேவா? ஆளு வெச்சிருக்கீங்களோன்னு நினைச்சேன். ஏன்னா எங்க கம்பெனியில ஷேட் கார்டுல இருக்குற கலருக்கெல்லாம் பேரு வெக்கிறதுக்குன்னே ஒருத்தன் இருக்கான். மூஞ்சியப் பாத்ததில்ல. ‘மௌன மழை’ம்பான், ‘விடியலின் மூச்சு’ம்பான். டப்பாவத் தொறந்தா ரெண்டும் வெளிறுன நீலம், ஒண்ணுல ஒரு சொட்டுக் கறுப்பு கூட. கடைக்கு வர்றவங்க மௌன மழை குடுங்கன்னு கேக்கும்போது எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருக்கும். உங்க தலைப்பெல்லாம் படிச்சப்ப, அடப்பாவி, அந்த ஆளு இங்கயும் வேல பாக்குறானான்னு நினைச்சுக்கிட்டேன்.

பதினஞ்சாம் நம்பர எடுத்துக்குங்க. ‘நகரத்தின் ரகசியம்.’ ஒரு மழைக்கோட்ட ரெண்டு பேரும் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, மழையில, அவன் அவ காதுல என்னவோ சொல்றான். அவ கண்ண மூடிக்கிட்டிருக்கா. ஜனங்க சொக்கிப் போறாங்க. அவங்க என் கடையிலேர்ந்து அப்பத்தான் வெளிய வந்தாங்க தம்பி. படுக்கை அறைக்குக் கலர் பாக்க நாலாவது தடவ. அவரு கிரீம்ங்கிறாரு, அந்தம்மா ஐவரிங்குது. ரெண்டும் ஒரே டப்பான்னு சொன்னா ரெண்டு பேருக்கும் என் மேல கோவம் வரும், அதனால நான் வாயே தொறக்கல. காதுல அவரு சொன்னது வாசல் வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு. உங்க அம்மாவக் கூட்டிட்டு வந்து அவங்களையே சுவத்துல பூசிடுன்னு சொன்னாரு. அந்தம்மா கண்ண மூடினது காதல்ல இல்ல, பல்லக் கடிக்க.

அப்புறம் அந்த ஏணிக்காரன். வெள்ள அடிக்கிறவன், மூஞ்சியெல்லாம் புள்ளி புள்ளியா, தலைய அண்ணாந்து, கண்ணு சொருகிப் போயி... ‘உழைப்பின் தியானம்.’ அது தும்மல். தும்மலுக்கு ஒரு நொடி முன்னாடி. அவன்கிட்ட நானே கேட்டேன்.

சரி, இது போதும். உங்களுக்கு மூஞ்சி வாடுது. மனுஷன வாட வெச்சுட்டுக் கேள்வி கேக்கக் கூடாது.

கடையில நான் வேல பாக்குற முறை ஒண்ணு இருக்கு, அதச் சொன்னாத்தான் கேள்வி புரியும். கலர் சேக்குறது, அதாவது மாதிரிக்கு ஒத்துக் கலக்குறது, நாக்கு மாதிரி தம்பி. இனிப்பத் தின்னுட்டு டீ குடிச்சா டீ கசக்கும் இல்ல? கண்ணும் அப்படித்தான். ஒரு பச்சையச் சேத்துக்கிட்டு இருக்கும்போது நடுவுல சேப்பப் பாத்துட்டீங்கன்னா, திரும்பி வந்து பாத்தா அந்தப் பச்ச வேற பச்சையா இருக்கும். கண்ணு கெட்டுப் போச்சும்போம் எங்க தொழில்ல. அதனால கலர் சேக்குறப்ப நான் நிமிரவே மாட்டேன். குனிஞ்ச தல குனிஞ்சபடி இருக்கும். எனக்கு முன்னாடி ஒரு பலகை சாத்தி வெச்சிருப்பேன், நானே பூசினது, சாம்பல் கலரு. கண்ணு அசந்துச்சுன்னா அந்தப் பலகையப் பாப்பேன். சாம்பல் ஒண்ணுதான் கண்ணக் கழுவிவிடும். அதுல எதுவும் கிடையாது பாருங்க, நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல. பாத்துட்டு மறுபடி டப்பாவுக்குள்ள குனிஞ்சுக்குவேன்.

மொத நாள் இந்த ஹாலுக்குள்ள நுழைஞ்சப்ப என்ன தோணுச்சு தெரியுமா? முப்பத்தெட்டு சாம்பல் பலகைய மாட்டி வெச்சிருக்காங்கன்னு தோணுச்சு.

இருபத்தேழுக்கு வர்றேன். நீங்களும் அங்கதான் பாக்குறீங்க. அதத்தானே நோட்டீஸ்லயும் போட்டீங்க. என் கடை வாசல் கம்பத்துலயே ஒட்டிட்டுப் போயிருக்காங்க. ஷட்டரத் தூக்கிட்டுத் திரும்புறேன், கம்பத்துல அவ நிக்கிறா. அதப் பாத்துட்டுத்தான் வந்தேன். இல்லன்னா எனக்கும் இந்த மாதிரி ஹாலுக்கும் என்ன சம்பந்தம்?

என் சம்சாரம் தம்பி.

பரவால்ல, பரவால்ல. நீங்க என்ன பண்ணுவீங்க, தெருவுல போறவங்க எல்லார்கிட்டயும் யாரு சம்சாரம்னு கேட்டுக்கிட்டா படம் எடுக்க முடியும்? அதுக்காக நான் வரல. எடுத்தது நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல இருக்குற போட்டோவுல எல்லாம் அவ நெஞ்ச நிமித்திக்கிட்டு, அளவெடுக்க நிக்கிற மாதிரி நிப்பா. இதுலதான் அவ மாதிரி இருக்கா.

அவ ஆஸ்பத்திரியில துணி வெளுக்குற பிரிவுல இருந்தா. இருபத்தாறு வருஷம். போட்டுக்குற உடுப்பு வெள்ள, வெளுக்குறது வெள்ள, மடிக்கிறது வெள்ள. எனக்கு நகக்கண்ணுல எப்பவும் ஏதாவது ஒரு கலரு. அவ கையில எப்பவும் பிளீச்சிங் வாசன. உங்கள நாலு நாள் என் தொட்டியில போட்டா உருப்படுவீங்கன்னு சொல்லுவா. அவ வாய் அப்படி. எனக்கு இந்த நக்கல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? எல்லாம் அவ சகவாசம்.

அவளுக்குத் துணி எடுக்கிறது நான்தான். கலர்ல கரை கண்டவன் இல்லையா நான், வேற யாரு எடுக்குறது? கடையில அவ எதையாவது ஆசையா எடுத்தா, அத நான் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போயித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வேணாம், இது உன் மூஞ்சிய மங்கலாக் காட்டும்னு வெச்சிடுவேன். அது நெசம்தான், மங்கலாத்தான் காட்டும். ஆனா எல்லாக் கலரையும் அப்படியே வெச்சுட்டு வந்தா கடைசியில என்ன மிஞ்சும்? வெளிர் நீலம், இல்லன்னா வெள்ள. கொஞ்ச வருஷத்துல அவ கேக்குறதையே விட்டுட்டா. எனக்கு அது பெருமையா வேற இருந்துச்சு, என் ருசி அவளுக்குப் பழகிடுச்சேன்னு.

அன்னிக்கு அவ தானாப் போயி ஒரு சால்வை வாங்கியிருக்கா. என்னக் கேக்கல. கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்துல மொத தடவ. வேல முடிஞ்சு, அந்த வெள்ள உடுப்பு மேலயே போத்திக்கிட்டு நேரா கடைக்கு வந்துட்டா, எனக்குக் காட்ட. அப்ப நான் ஒரு பச்சையில மாட்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரு பழைய ஜன்னல் சட்டத்துத் துண்டக் கொண்டுவந்து குடுத்திருந்தாரு. பச்சை மாதிரி படுத்துற கலர் உலகத்துல கிடையாது. பக்கத்துல வந்துட்டேன், இன்னும் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. வாசல்ல வந்து நிக்கிறா, என்னங்க, இங்க பாருங்கங்கிறா. நான் நிமிரல. கைய மட்டும் நீட்டினேன், போலீஸ்காரன் வண்டிய நிறுத்துற மாதிரி. கண்ணு கெட்டுடும், இருன்னேன்.

அவ கோவப்படல. சிரிச்சா. குரல்ல தெரிஞ்சுது. சரி, நான் எதிர்ல பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், முடிச்சுட்டு ஒரு தடவ நிமிந்து பாத்துடுங்க, நான் போயிடுறேன்னா.

அந்தப் பச்சைக்கு முக்கா மணி நேரம் ஆச்சு தம்பி. பூசி, காய வெச்சு, துண்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா எது பழசு எது புதுசுன்னு எனக்கே தெரியல. அந்த ஜோர்ல நிமிந்தேன். பஸ் ஸ்டாப்புல யாரும் இல்ல.

நீங்க அந்த முக்கா மணி நேரத்துக்குள்ள வந்திருக்கீங்க. கீழ அட்டையில மாசம் வருஷம் போட்டிருக்கீங்க, பாத்தேன். நிழற்குடைக் கண்ணாடியில எங்க கடைப் பேரு இடம் வலமாத் திரும்பித் தெரியுது. அப்படீன்னா எங்க கடைச் சுவத்துக்கிட்டதான் நின்னிருக்கீங்க, எனக்கு அஞ்சாறு அடி தள்ளி. நேருக்கு நேரா அவளப் பாத்துக்கிட்டு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனா சால்வை கவருக்குள்ள போயிடுச்சு. காட்டுன்னேன். கடை மூடியாச்சு, ஞாயித்துக்கிழமை வாங்கன்னா. என்ன கலருன்னாவது சொல்லேன்னேன். கலர் டாக்டர் நீங்கதானே, நீங்களே கண்டுபிடிங்கன்னு போயிட்டா. நானும் விட்டுட்டேன். கெஞ்சணுமான்னு ஒரு இது. ஞாயித்துக்கிழமை என்ன, ஓடியா போயிடப் போகுதுன்னு.

வெள்ளிக்கிழமை வேலையில, துணி மடிக்கிற மேசையில சாஞ்சவதான்.

ஒண்ணும் சொல்ல வேணாம். மூணு வருஷம் ஆச்சு. அந்தக் கவர் எங்கன்னுதானே கேக்குறீங்க? அவ தங்கச்சி வந்து துணியெல்லாம் மூட்டை கட்டினா. மாமா, ஒரு தடவ பாத்துடுங்க, ஏதாவது வெச்சுக்கிறீங்களான்னு கேட்டா. எனக்குப் பாக்கத் தெம்பில்ல. எடுத்துட்டுப் போம்மான்னு சுவத்தப் பாத்து உக்காந்துக்கிட்டேன். அவ எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்கே குடுத்துட்டா, இல்லாதவங்களுக்கு ஆகும்னு. பிறகு ஞாபகம் வந்து ஓடிப் போயிக் கேட்டேன். ஒரு புதுக் கவர் இருந்துச்சு மாமா, பிரிக்காமயே குடுத்துட்டேன்னா. பாத்தீங்களா, நிமிந்து பாக்க எனக்கு ரெண்டு தடவ சந்தர்ப்பம் வந்திருக்கு. ரெண்டு தடவையும் கைய நீட்டிட்டேன்.

துணிக்கடையா? ஒம்பது கடை ஏறி இறங்கினேன். தினம் நூறு சால்வை விக்கிறவன்கிட்ட போயி என் சம்சாரம் என்ன கலர் வாங்கினான்னு கேட்டா என்ன சொல்லுவான்? ஒருத்தன் மட்டும் ரொம்பக் கனிவா, நீங்க பாக்கலையா சார்னு கேட்டான்.

இப்ப உங்க படம் வந்துச்சு. அதுல சால்வை இருக்கு. சாம்பலா.

சிரிக்காதீங்க, நான் ஒரு வேல பண்ணினேன். எங்க ஷேட் கார்டுல ஆயிரத்துச் சொச்சம் கலர் இருக்கு. அத அப்படியே பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போயி கறுப்பு வெள்ளையில நகல் எடுத்தேன். ஒவ்வொரு கலரும் என்ன சாம்பலா மாறுதுன்னு பாக்க. அப்புறம் உங்க நோட்டீஸ வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா ஒட்டிப் பாத்தேன். பக்கத்துலயே அவ வெள்ள உடுப்பு இருக்கு இல்ல, அதனால அளக்கத் தோதா இருந்துச்சு. உங்க ஃபிலிமும் அந்த மிஷினும் ஒண்ணில்லன்னு எனக்கும் தெரியும், சொல்லாதீங்க. குத்துமதிப்புதான். அதுல பதினோரு கலர் தேறுச்சு. இந்தாங்க, இந்தக் கவர்ல இருக்கு. பெஞ்சு மேல பரப்புறேன், கொஞ்சம் தள்ளிக்குங்க.

பாருங்க கூத்த. இது செங்கல். இது பாசி. இது மயில் கழுத்து. இது நாவப்பழம். இது குங்குமப்பூவ அரைச்ச மாதிரி. நம்ம கண்ணுக்கு ஒண்ணுக்கொண்ணு ஜென்ம விரோதி. கறுப்பு வெள்ளையில பதினொண்ணும் ஒரே சாம்பல், கூடப் பொறந்ததுங்க மாதிரி. இதுல அவ எடுக்கவே மாட்டான்னு ஆறு கலர மொதல்லயே தள்ளிட்டேன். தவிட்டுக் கலர அவ காஞ்ச சேறும்பா, தள்ளு. சேப்ப நான் அவளுக்கு ஆகாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன், தள்ளு. அன்னிக்கு ராத்திரியே யோசிச்சேன். நான் நினைக்கிற கலர அவ எடுத்திருந்தா அதக் காட்டுறதுக்குன்னு வேலைக் களைப்புல அத்தனை தூரம் நடந்து வந்திருப்பாளா? நான் தள்ளினது எதையோ அவ எடுத்திருக்கா. அதான் வந்திருக்கா. தள்ளின ஆறையும் மறுபடி கவருக்குள்ள போட்டுக்கிட்டேன்.

இதான் தம்பி கேள்வி. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், கலர்ல ஒரு நகல் இருக்குமான்னு. அது கறுப்பு வெள்ள ஃபிலிமுங்க, கலர் உள்ளயே போகாதுன்னுச்சு. அப்ப அந்தக் கலர் போயிச் சேந்த ஒரே இடம் உங்க கண்ணுதான். கேமராவத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்திருப்பீங்க இல்ல? சும்மா, தெருவுல போறவன் பாக்குற மாதிரி. ஒரு சால்வைக்காரி நிக்கிறான்னு. எதையாவது ஒண்ணத் தொடுங்க.

தெரிஞ்சு என்ன பண்ணுவேனா? ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒரு சின்ன டப்பா கலக்குவேன். தொறந்து பாத்துட்டு மூடி வெச்சிடுவேன். ஒரு தடவ பாத்துடுங்கன்னு சொன்னா இல்ல, பாக்கணும். அவ்வளவுதான்.

நிதானமா யோசிங்க. கண்ண மூடிக்கிட்டாக் கூட சரி.

வெளிச்சம் ஞாபகம் இருக்கா? சரி. மழைத் தூறலுக்கு அப்புறம், ம். கன்னத்துல கை வெச்சிருந்தது. கண்ணாடியில மேகம். அதெல்லாம் படத்துலயே இருக்கே தம்பி. நான் கேக்குறது...

கலரு எதுவுமே ஞாபகம் இல்லையா?

அப்படியே குத்துமதிப்பா... இல்ல, வேணாம், எனக்காக ஒண்ணத் தொடாதீங்க. கைய எடுங்க. கலரப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே விரல வைக்கிறீங்களே, அதுலயே பொய்யின்னு தெரியுது. கலர் சேக்குறவன்கிட்ட கலர்ல பொய் சொல்ல முடியாது.

நிறங்களைப் பார்ப்பதில்லைன்னு இந்தத் தாள்ல போட்டிருந்தீங்களே. நான் அத, பெரிய மனுஷன் பெருமைக்குச் சொல்றதுன்னு நினைச்சேன். எங்க கம்பெனிக்காரன் மௌன மழைன்னு சொல்ற மாதிரி. மூணு நாளா இங்க வந்தது அந்த நம்பிக்கையிலதான். நீங்க மட்டும் நெசத்தையே எழுதியிருக்கீங்க.

அட விடுங்க, எதுக்கு மன்னிப்பு? உங்க தொழில் உங்களுக்கு, என் தொழில் எனக்கு. கண்ணு கெட்டுடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் ஒழுங்கா வேல பாத்திருக்கோம். இந்தக் கலரெல்லாம் பொறுக்கிக் குடுங்க. அந்த நாவப்பழம் உங்க காலுக்கிட்ட கிடக்கு. பதினொண்ணும் வந்துடுச்சா? வந்துடுச்சு.

வெளக்க அணைக்கப் பாக்குது அந்தப் பொண்ணு. போறப்ப நோட்டக் கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க, ஒரு வரிய அடிக்கணும். மத்ததெல்லாம் இருக்கட்டும். பல்லு பல்லுதான், தும்மல் தும்மல்தான். இருபத்தேழுக்கு மட்டும் தப்பா எழுதிட்டேன். ‘காத்திருப்பவள்’னு பேரு வெச்சிருக்கீங்களே, அதுக்குக் கீழ, தலைப்பு தப்பு, இவங்க பஸ்ஸுக்குக் காத்திருக்கல, இவங்க வீடு நடந்து போற தூரம்தான்னு எழுதியிருந்தேன். முப்பத்தெட்டுலயும் நீங்க சரியா வெச்ச பேரு அது ஒண்ணுதான் தம்பி. அத மாத்திடாதீங்க.

நம்பலன்னா கிட்டப் போயிப் பாருங்க. அவளுக்குப் பின்னாடி அந்தக் கண்ணாடியில, கடைப் பேருக்குக் கீழ, குனிஞ்சபடி ஒரு வழுக்கத் தல தெரியும். அழுக்குன்னு நினைச்சுத் தொடச்சுடப் போறீங்க. அது நான்தான்.